மன்றாட்டு மாலை சொல்லி ஓட்டிய ஜீப்

என் அண்ணன் பேத்தி ஷைனியை டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு வாரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "பிள்ளை நல்லாப் படிச்ச பிள்ளைதான். ஆனா யாராவது ஹாரன் அடிச்சா ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு காதையும் பொத்திக்கிடுது. நான் சொல்றதையும் கேட்டுக்கிட்டு ரோட்டையும் பாக்க அதால முடியல" என்று அவள் தாயிடம் சொன்னாராம்.

ஷைனிக்கு ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே மதுரை டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குத் துணைக்குப் போன நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த காலி மருந்துப் பெட்டிகளை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னிடமும் நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு சிரித்தார். "பாட்டிக்கும் இதேதான். பேர் சொல்லத்தான் அப்ப ஆள் இல்ல" என்றார். எனக்கு அறுபது தாண்டியிருந்தது. பேர் தெரியாமலே அதுவரை ஓட்டிவிட்டேன், ஜீப்பையும் சேர்த்து.

போன மாதம் ஷைனியின் தாய், என் மருமகள், போன் பண்ணினாள். "அத்தை, நீங்க அந்தக் காலத்திலேயே ஜீப் ஓட்டுனவுக. எப்படிப் படிச்சீகன்னு எழுதிக் குடுங்க. எங்க பெற்றோர் சங்கத்துப் பத்திரிகையில போடுவோம்" என்றாள். நேரில் பேசச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, வேம்பார் போகிற ரோட்டை விட்டுக் கடலைப் பார்க்க உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். அப்பா வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறவர். முத்து எடுப்பது சர்க்கார் சொன்னால் எப்போதாவது நடக்கும். சோறு போட்டது சங்குதான்.

சிறுவயதில் நான் லேசில் வாய் திறக்கமாட்டேன். திறந்தால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மாதா கோயில் திருநாளுக்கு மேளம் அடித்தால் ஓடிப்போய் வலைக் குவியலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன். ஊரில் என்னை 'ஒரு மாதிரி' என்பார்கள். என்ன மாதிரி என்று யாரும் சொன்னதில்லை. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். நான் சுவரைப் பார்த்தே பதில் சொன்னேன், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டில் பின்னறையில் இருந்தேன். மதினி பொல்லாதவள் இல்லை. ஆனால் விருந்தாள் வந்தால், "செபத்தி, நீ உள்ளயே இரு, என்னளா?" என்பாள். நான் இருப்பேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னியர் மடம் ஒன்று சின்ன ஆஸ்பத்திரி நடத்தியது. இருபத்தைந்து வயது வாக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் கொதிக்க வைத்து, அளவுவாரியாக வெள்ளைத் துணியில் அடுக்குவது என் வேலை. பிறருக்கு அலுப்புத் தரும் வேலை. எனக்கு அதைப்போல நிம்மதி வேறு இல்லை.

மடத்தில் ஒரு ஜீப் இருந்தது. பெனிற்றா சிஸ்டர்தான் நர்ஸ், அவரேதான் ஜீப்புக்கும் டிரைவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். வேகமாகப் பேசுவார், வேகமாகச் சிரிப்பார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகும்போது உதவிக்கு என்னையும் ஏற்றிக்கொள்வார். அந்த ஜீப்பில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்று யாரிடமும் சொன்னதில்லை. மேளச் சத்தம் என்னைக் குத்தும். எஞ்சின் சத்தம் குத்தாது, ஒரே சீராக ஓடும். இன்னொன்று, ஜீப்பில் முன்னால் இருக்கிற எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று யாரும் அங்கே குறை சொல்ல முடியாது. டிரைவர் பார்த்தால்தான் குறை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து மதர் ஆஸ்பத்திரி ஆட்கள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். மடத்துத் தலைவி. திருச்சிப் பக்கம் பிறந்தவர்கள், அறுபது வயதிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். துடைத்து முடியும்வரை அடுத்த பேச்சு வராது.

"பெனிற்றாவுக்கு வர்ற கோடையில மாற்றல்." துடைத்தார்கள். "புதுசா வர்ற சிஸ்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது." துடைத்தார்கள். "சம்பளத்துக்கு டிரைவர் வைக்க நமக்கு வழியில்லை. ஓட்ட ஆள் இல்லாட்டி ஜீப் வேற மடத்துக்குப் போயிடும்னு தலைமை மடத்துல சொல்லிட்டாங்க."

ஜீப் போனால் ஊருக்கு வண்டி இல்லை. மெயின் ரோட்டில் பஸ் நினைத்தால் வரும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். அதற்கு முன்பு அப்படி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன், எல்லாரும் போய்ச் சேர்ந்ததில்லை. அது ஊருக்கு. எனக்கோ, ஜீப்பும் பெனிற்றா சிஸ்டரும் போய்விட்டால் ஆஸ்பத்திரி பாதியாகச் சுருங்கும். ஊசி அடுக்க ஆள் வேண்டியிருக்காது. அண்ணன் வீட்டுப் பின்னறை கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நான் ஓட்டுறேன்" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒருத்தர் சிரித்தார், யாரென்று எழுத வேண்டாம். மதர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எப்ப ஆரம்பிக்கிறீங்க, செபஸ்தியம்மா?" என்றார்கள்.

பெனிற்றா சிஸ்டர் தங்கமானவர். ஆனால் கற்றுக்கொடுக்கத் தெரியாது. "கிளட்ச அமுக்குங்க, கியர மாத்துங்க, அந்தா சைக்கிள்காரன் வாரான் பாருங்க, மெதுவா, ஐயோ இவ்வளவு மெதுவா இல்லக்கா!" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார். எனக்கு முதல் சொல் வந்து சேர்வதற்குள் கடைசிச் சொல்லும் வந்து இடிக்கும். பிரேக்கை மிதித்து நின்றுவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது. கியர் போட, கிளட்சை விட, கைகாட்ட எல்லாம் தனித்தனியாக வந்தது. ரோட்டில் எல்லாம் சேர்ந்து வரவில்லை. ஜீப் போதையில் போகிற ஆளைப்போல இரண்டு ஓரத்துக்கும் போய்வந்தது.

மடத்துச் சுவரோரம் நின்று பார்த்த மதினி, வீட்டுக்குப் போய் அண்ணனிடம், "உங்க தங்கச்சி ரோட்டை அளக்கா" என்றாளாம்.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகம் வந்தது. கடலுக்கடியில் சங்கு கிடக்கிற பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். மேலே தண்ணீர்தான், பலகை எழுதி வைத்திருக்காது. கரையில் நிற்கிற இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பிடிப்பார்கள். கோயில் கோபுரம் உப்பளத்துக் கிட்டங்கிக் கட்டடத்துக்கு நேரே வந்தால் ஒரு பார், ஒற்றைப் பனை கலங்கரை விளக்கைத் தொட்டால் இன்னொரு பார். அப்பாவும் அண்ணனும் சோறு சாப்பிடும்போது இதையெல்லாம் பேசுவார்கள். கடலுக்குப் போகாத எனக்கு அத்தனையும் மனப்பாடம். மறக்கச் சொன்னாலும் மறக்க வராது.

குசினியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துவந்து ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தேன். அந்தப் பொட்டு ரோட்டின் இடது ஓரத்தின்மேல் நின்றால் வண்டி சரியான இடத்தில் போகிறது. ஓரம் பொட்டை விட்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒரு பிடி. அன்றைக்கே ஜீப் நேராகப் போனது. பெனிற்றா சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு ரோடு முழுவதையும் அப்படியே பிரித்து வைத்துக்கொண்டேன். இந்தப் பனைக்கு நேரே வந்தால் இரண்டாம் கியர். மதகுச் சுவர் தெரிந்தால் காலை எடு. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற இடத்தில் பெரிய உப்பு அம்பாரம் ஒன்று இருந்தது. அது பானெட்டின் மூலைக்கு நேரே வந்ததும் கைகாட்டித் திரும்ப வேண்டும். வெள்ளைவெளேரென்று தூரத்திலிருந்தே தெரியும். இதைவிட நல்ல அடையாளம் எங்கே கிடைக்கும்?

மாசி மாதம் ஒருநாள், மதர் பக்கத்தில் இருக்க, தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். அம்பாரத்தைத் தேடினேன். அம்பாரம் வரவில்லை. இன்னும் வரவில்லை. ரோடு போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஊர்க் கோயில் தெரிந்ததும் பிரேக்கை மிதித்தேன். நடு ரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த கல் லாரிக்காரன் இறங்கிவந்து கத்தினான்.

விஷயம் இவ்வளவுதான். உப்புக்கு விலை வந்திருக்கிறது, அம்பாரத்தை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உப்பு குவிப்பதே அள்ளுவதற்குத்தான் என்பது அந்த ஊரில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

மதர் திட்டவில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்கிற பழக்கமும் அவர்களுக்கு இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றார்கள்.

யோசித்தேன். அப்பா உப்பு அம்பாரத்தைப் பிடித்து ஒருநாளும் பார் கண்டதில்லை. "மனுசன் குவிச்சத நம்பாத" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அதையும் மனப்பாடமாக வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாமல். "வண்டியத் திருப்பி, மைல் கல்லப் பாத்து வாரேன்" என்றேன். "சரி" என்றார்கள்.

நின்ற இடத்தில் நிற்கிறவற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆடு, சைக்கிள், தலைச்சுமைக்காரி, எதிரே வருகிற பஸ், இவையெல்லாம் நிற்காதே? அவை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் ஏறி நெரிக்கும். அதற்கு நானாக ஒரு வழி கண்டேன். கண்ணில் படுகிறதை வாயால் சொல்லிவிடுவேன். "இடது பக்கம் ஆடு. முன்னால சைக்கிள்." சொல்லிவிட்டால் அது தன் இடத்தில் போய் நின்றுகொள்ளும், அடுத்ததைப் பார்க்கலாம்.

பக்கத்து ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகிற நாட்களில் பின்னால் ஊர்ப் பெண்கள் தொற்றிக்கொள்வார்கள். அதில் வியாகுலம் என்ற மீன்காரி இருந்தாள். சங்கு குளிக்கிற மிக்கேலின் பெண்சாதி. வாய் என்றால் வாய். முதல்நாள் நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "ஏளா, செபத்தி செபமாலை சொல்லிக்கிட்டே ஓட்டுதா! நம்ம உசுரு பத்திரம்" என்றாள். பிறகு காதைத் தீட்டிக் கேட்டாள் போலிருக்கிறது.

"வலது பக்கம் மாடு" என்றேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றாள் வியாகுலம், கோயில் மன்றாட்டு மாலையில் புனிதர்களை, எங்கள் பக்கம் அர்ச்சிஷ்டர் என்போம், பேர் பேராக அழைக்க ஜனம் பதில் சொல்கிற அதே ராகத்தில்.

ஜீப்பே குலுங்கியது. பெனிற்றா சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அடுத்தது வந்துவிட்டதே, சொல்லித்தானே ஆக வேண்டும்? "முன்னால கருவாட்டு வண்டி." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" இந்தமுறை பின்னால் இருந்த எல்லாரும் சொன்னார்கள். ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அன்றைக்கு ஓட்டியதுபோல அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. ஏனென்று பிறகு கண்டேன். நான் ஒன்றைச் சொல்ல, அவர்கள் பதில் சொல்லி முடிக்க ஆகிற நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்கு அடுத்ததைப் பார்க்க வேண்டிய நேரம். ஒன்று முடிந்து ஒன்று. மதர் பேசுவதுபோல.

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிறவரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். முதல் தடவை போனேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் கொஞ்ச தூரத்திலேயே, "ஏம்மா, என்ன முணுமுணுக்கிற? வாயை மூடிக்கிட்டு ஓட்டு. நான் சொல்றது உனக்குக் கேக்கணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மூடினேன். ஒரு தெருமுனை தாண்டுவதற்குள் மாடும் ரிக்ஷாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மணிச்சத்தமும் ஒன்றாக மேலே விழுந்தன. நின்றுவிட்டேன். அவர் இறங்கி, "அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

திரும்பி வரும்போது பெனிற்றா சிஸ்டர்தான் ஓட்டினார். வழியெல்லாம் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான். கோடை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஊசி அடுக்கிக்கொண்டிருந்தபோது மதர் வந்து நின்றார்கள். "பேசிக்கிட்டே ஓட்டக் கூடாதுன்னு சட்டமா?"

"தெரியாது, மதர்."

"அவருக்கு நீங்க ஏன் பேசுறீங்கன்னு தெரியுமா?"

நான் சொல்லவில்லையே, எப்படித் தெரியும்? என்னைப் பற்றி ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் ஆபீசரிடம், நானாக வாய் திறந்து ஒன்றைச் சொல்வது என்பது எனக்குக் கடலில் குதிப்பது மாதிரி. நான்கு வாக்கியம் சேர்த்துவைத்தேன். பெனிற்றா சிஸ்டர் மதரின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்புக்கரியில் மீசை வரைந்து, இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தார். "என்ன முணுமுணுக்குதே?" என்று உறுமுவார். நான் சொல்வேன். கன்னியர் மடத்தில் மீசை வைத்த சிஸ்டரைப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் மறுபடி போனேன். அவர் கதவருகே வந்ததும், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன்: "ஐயா, நான் கண்ணுல படுறத வாயால சொல்லித்தான் ஓட்டுவேன். உங்ககிட்ட பேசல. சொன்னாத்தான் எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியும். நீங்க எங்க திரும்பணும்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

மனுஷர் குனிந்து என்னைப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். ஏறி உட்கார்ந்தார். "சரி, சொல்லிக்கிட்டே போ." ஒவ்வொன்றாகத்தான் சொன்னார். மேட்டில் நிறுத்தி எடுத்தேன், பின்னால் எடுத்தேன், கை காட்டினேன். ஒரு முனையில், "இடது பக்கம் குழந்தை, கையில பந்து" என்றேன். "அட, எனக்குத் தெரியலையே" என்று எட்டிப் பார்த்தார். இறங்கும்போது, "வீட்டுல என் சம்சாரமும் பக்கத்துல உக்காந்து இதையேதான் சொல்லுவா. அவளுக்கு லைசென்ஸ் இல்ல" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் வந்ததும் ஜீப் நின்றுவிடும் என்று நினைத்தோம். தலைமை மடத்திலிருந்து பதில் வந்தது: அவசரத்துக்கு அந்தப் பெண்ணை நம்பலாமா என்று மதர் பார்த்துச் சொல்லட்டும், கோடை முடிவில் தீர்மானிக்கலாம். மதர் சாவியைத் தன் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார்கள். கேட்டால் தருவார்கள், வந்ததும் வாங்கிக்கொள்வார்கள்.

அந்த நாள் மே மாதத் தொடக்கம். காலை பத்து மணி இருக்கும், வள்ளத்திலிருந்து மிக்கேலைத் தூக்கிவந்தார்கள். சங்கு குளிக்க இறங்கியவரைத் தொடையில் திருக்கை அடித்துவிட்டது. திருக்கையின் வாலில் உள்ள முள் அரம் மாதிரி இருக்கும். உள்ளே போகும்போது குத்தும், வரும்போது கிழிக்கும். வியாகுலம் பின்னாலேயே ஓடிவந்தாள், மீன் கூடை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பெனிற்றா சிஸ்டர் மடித்த துணியை வைத்துக் காயத்தை அழுத்தினார். கையை எடுத்தால் ரத்தம் பீறிட்டது. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் மதர். நான் கையை எடுக்க முடியாது" என்றார்.

மதர் இழுப்பறையைத் திறந்து சாவியை என்னிடம் நீட்டினார்கள்.

ஊரை விட்டு மெயின் ரோட்டுக்கு நன்றாகத்தான் வந்தேன். பின்னால் பலகையில் மிக்கேல், அவர் தொடைமேல் கவிழ்ந்து சிஸ்டர், தலைமாட்டில் வியாகுலம். எப்போதும் வாயாடுகிறவள் அன்று ஒரு சொல் பேசவில்லை. நான் தனியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தூத்துக்குடி போகிற வழியில் அடுத்த ஊரில் அன்றைக்குக் கோயில் திருநாள். எங்களுக்கு அது நினைவில்லை. பூசை முடிந்து, புனிதர் சுரூபத்தை வைத்த சப்பரம் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. ரோடு நிறைய ஜனம். சப்பரத்துக்கு முன்னால் மேளம், பேண்டு, இரண்டு பக்கமும் வெடி. வளைவு திரும்பியதும் அத்தனையும் என் தலைக்குள் புகுந்தது. சொல்வதற்குச் சொல் வரவில்லை. ஒன்றல்ல, நூறு இருந்தது. என் கை இரண்டும் தானாகக் காதுக்குப் போய்விட்டது. எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றது.

"ஹாரன் அடிங்கக்கா! இல்ல, எறங்கிச் சொல்லுங்க, பின்னால எடுத்து வேற வழி, ஐயோ ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று பெனிற்றா சிஸ்டர் பின்னாலிருந்து கத்தினார். அதுவும் சத்தத்தோடு சத்தமாகச் சேர்ந்தது.

பிறகு திடீரென்று அவர் நிறுத்தினார். கண்ணாடி துடைக்கிற அளவு நேரம். தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"செபத்தியக்கா, முன்னால என்ன நிக்குது?"

என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "சப்பரம்."

பின்னால் வியாகுலத்தின் குரல், உடைந்து, அழுகையோடு, ஆனால் அதே ராகத்தில்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கை காதிலிருந்து இறங்கியது. "இடது பக்கம் பந்தக்கால்" என்றேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இப்போது சிஸ்டரும் சேர்ந்து சொன்னார். கியரை நியூட்ரலில் தள்ளினேன், கிளட்சை அமுக்கினேன், ஸ்டார்ட் ஆனது. "வலது பக்கம் கொடி பிடிச்ச ஆளு." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ரத்தமும் கன்னியர் சிஸ்டரும். மன்றாட்டு மாலை காதில் விழுந்தால் எங்கள் பக்கத்து ஜனம் யோசிக்காது, பதில் தானாக வரும். "முன்னால ஐஸ் வண்டி" என்றேன். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள, ரோட்டில் நின்ற அத்தனை பேரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். செபம் நடக்கிறது என்று மேளக்காரர்கள் குச்சியை நிறுத்தினார்கள். பேண்டு நின்றது. வெடிக்காரன் திரியைக் கீழே போட்டு மிதித்தான்.

அந்த அமைதி எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

யாரோ ஒருவர், "ஆள் சாகக் கிடக்கான், வழி விடுங்கலே!" என்றார். சப்பரம் ஓரமாக ஒதுங்கியது. முதல் கியரில் போனேன். "இடது பக்கம் பலூன்காரன். முன்னால நாய். வலது பக்கம் சாமியார்." ஒவ்வொன்றுக்கும் ஊரே பதில் சொன்னது. ஜனம் முடிந்து வெறும் ரோடு வந்ததும் இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பிறகு தூத்துக்குடி வரை வியாகுலம் ஒருத்தியே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள், தொண்டை கட்டியும் விடவில்லை.

மிக்கேல் பிழைத்தார். கால் கொஞ்சம் சாய்த்து நடப்பார், சங்கு குளிக்க மறுபடி இறங்கவில்லை, வள்ளத்தில் கயிறு பிடிக்கப் போனார். என்னைக் காணும்போதெல்லாம், "ஐஸ் வண்டிய அர்ச்சிஷ்டராக்குனவ வாரா பாரு" என்பார். மதினி அதன் பிறகு விருந்தாள் வந்தால், "எங்க வீட்டுல ஜீப் ஓட்டுற பிள்ள இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டு விட்டாள். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். ஆனால் அது வேறு மாதிரி இருப்பது.

அன்று திரும்பி வந்து சாவியை நீட்டினேன். மதர் வாங்கவில்லை. சுத்தியல் கொண்டுவரச் சொல்லி, நான் ஊசி அடுக்குகிற அலமாரிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஓர் ஆணி அடித்தார்கள். ஆணி கோணலாகத்தான் போனது. "இங்க இருக்கட்டும்" என்றார்கள். ஜீப் எங்கள் மடத்திலேயே நின்றது. அந்த மாதக் கடைசியில் பெனிற்றா சிஸ்டரை நான்தான் ரயிலடியில் கொண்டுபோய் விட்டேன். ஓய்வு பெறும்வரை அந்த ஆணியில் என் சாவிதான் தொங்கியது. ஜீப் மூன்று மாறியது, ஆணி மாறவில்லை. நேராக்கவும் நான் விடவில்லை.

இதைப் படிக்கிற தாய் தகப்பன்மாருக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புப் பொட்டு உதவுமா, வாயால் சொல்வது உதவுமா, அதுவும் தெரியாது. எனக்கு உதவியதை எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் தன் காரில் ஷைனியைக் கூட்டிக்கொண்டு உப்பளத்து ரோட்டுக்குப் போனாள். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். அதுவரை நான் எழுதியிருந்ததை ஷைனி படித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஓட்டினாள். கார் ஒரு ஓரம் போய் மறு ஓரம் வந்தது. மருமகள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், யாருக்கும் கேட்காத குரலில் ஷைனி சொன்னாள்: "லெப்ட்ல ஆட்டோ."

என் வாய் தானாகத் திறந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஷைனி திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தாள். இப்போது கொஞ்சம் சத்தமாக, "ரைட்ல உப்பு லாரி" என்றாள்.